சுமியே போட்ட தடை மனு

தொகாஷி சுமியேவை எங்கள் சகாத்தா ஊரில் யாரும் கெட்டவள் என்று சொன்னதில்லை. பாவம் என்பார்கள், கொஞ்சம் கிறுக்கு என்பார்கள். இரண்டிலும் உண்மை இருந்தது. பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். பஸ்ஸில் ஏறியதும் இது எங்கே போகிறது என்று டிரைவரிடம் ஒரு முறை, பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முறை கேட்பாள். பதினெட்டு வருடமாக அதே பஸ், பாதி நாள் அதே டிரைவர்.

பார்த்த வேலையும் அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் அமைந்துவிட்டது. ஊரிலுள்ள ஆறு பள்ளிக்கூடங்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்பும் நகராட்சிச் சமையல் கூடம். அங்கே ஒரு விதி உண்டு. சமைத்த ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஐம்பது கிராம் எடுத்துப் பையில் போட்டு, தேதி எழுதி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்திருக்க வேண்டும். ஏதாவது ஒரு பிள்ளைக்கு வயிறு கெட்டால் எது காரணம் என்று பிடிப்பதற்கு. மற்றவர்கள் சலித்துக்கொண்டு செய்யும் அந்த வேலையை சுமியே யாரும் சொல்லாமலே எடுத்துக்கொண்டாள்.

ஒருநாள் பையில் தேதி எழுதிக்கொண்டே சொன்னாள், "ஆம்பளைங்களையும் இந்த மாதிரி கொஞ்சம் எடுத்து ரெண்டு வாரம் வச்சுப் பாக்க முடிஞ்சா நல்லாருக்கும்க்கா."

பக்கத்தில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்த தொமொயோ அவளைவிடப் பத்து வயது மூத்தவள், விவாகரத்தானவள், வாய்க்குப் பூட்டில்லாதவள். "ரெண்டு வாரம் எந்த மூலைக்குடி? என் வீட்டுக்காரன் பதினோரு வருஷம் கெடாமதான் இருந்தான். பன்னெண்டாவது வருஷம் நாறிட்டான்" என்றாள். கூடமே சிரித்தது. சுமியேவும் சிரித்தாள், ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அவள் பட்டது அப்படி. இருபத்தைந்து வயதில் குமாகை கட்சுஹிகோ என்பவனைக் கட்டிக்கொண்டு மூன்று வருடம் வாழ்ந்தாள். பெரிய சண்டை சச்சரவு கிடையாது. கடைசி வருடம் அவன் வேலைக்கென்று செந்தாய் நகரத்துக்குப் போய்த் தங்கி, மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்தான். இந்தச் சமையல் கூடத்து வேலைக்கு மனுப்போட ஒரு குடியிருப்புச் சான்று தேவைப்பட்டது. வாங்க நகராட்சிக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "தொகாஷிசான்" என்று மரியாதைக்குச் சான் சேர்த்துக் கவுன்ட்டரில் கூப்பிட்டார்கள். அது கல்யாணத்தோடு அவள் விட்டுவிட்டு வந்த பிறந்த வீட்டுப் பெயர். அட, நம் குடும்பப் பெயர்க்காரர் யாரோ வந்திருக்கிறார் என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். இரண்டாம் தரம் கூப்பிட்டார்கள். மூன்றாம் தரம், "தொகாஷி சுமியேசான்" என்றார்கள்.

பத்தொன்பது நாளைக்கு முன்னால் அவளுக்கு விவாகரத்து ஆகியிருந்தது. எங்கள் பக்கம் இருவரும் ஒப்புக்கொண்டதாக ஒரு படிவம் நகராட்சியில் கொடுத்தால் போதும், கோர்ட்டுக்குப் போக வேண்டாம். கட்சுஹிகோ படிவத்தில் அவள் பெயரையும் தானே எழுதி, கையெழுத்துக்குச் சமமான பெயர் முத்திரை ஒன்றைக் கடையில் வாங்கிக் குத்தி, சாட்சிக்கு நண்பர்கள் இரண்டு பேரைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அப்போதெல்லாம் கொண்டுவருபவனை யார் என்றுகூடச் சரியாகக் கேட்கமாட்டார்கள். போன வாரம் இன்னொருத்தியோடு கல்யாணத்தையும் பதிந்துவிட்டான். வழக்குப் போட்டிருக்கலாம். "ஓடினவனைப் பிடிச்சு வந்து என்ன பண்ணப் போற?" என்றாள் அம்மா. சுமியே விட்டுவிட்டாள்.

அன்றைக்குக் கவுன்ட்டரில் இருந்த பெண் நல்லவள். இரக்கப்பட்டு ஒன்று சொன்னாள்: "எனக்குத் தெரியாம என் பேர்ல கல்யாணமோ விவாகரத்தோ பதியக்கூடாதுன்னு முன்னாடியே ஒரு தடை மனு குடுத்து வைக்கலாம்மா. குடுத்திருந்தா இது நடந்திருக்காது." ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனால் சுமியேவின் மண்டைக்குள் ஆணி அடித்ததுபோல் இறங்கியது அந்தக் கடைசி வாக்கியம்தான். தப்பு அவன் செய்தது. குடுத்திருக்க வேண்டியது நான்.

முப்பத்தாறில் ஓகுரா வந்தார். லாரி டிரைவர், கலகலப்பானவர். நான்கு வருடம் அவள் வீட்டில்தான் இருப்பு. அடுத்த புத்தாண்டுக்குப் பதிந்துகொள்ளலாம் என்பார், அந்தப் புத்தாண்டு வரவேயில்லை. ஒரு தடவை அவருக்குப் பித்தப்பையில் கல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு சுமியே போனபோது, கட்டிலருகே ஒரு பெண் அவருடைய பைஜாமாவை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அக்கித்தாவிலிருந்து ரயிலேறி வந்த மனைவி. அவள் எழுந்து இடுப்பு வளையக் குனிந்து வணங்கி, "இவர் தங்கியிருக்கிற வீட்டுக்குச் சொந்தக்காரங்கதானே? ரொம்பச் சிரமம் குடுத்திருப்பார், மன்னிச்சுக்குங்க" என்றாள். சுமியே, "ஆமாங்க, வாடகைக்குத்தான் விட்டிருக்கேன்" என்று சொல்லித் துணிப்பையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். ஓகுரா கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் படுத்திருந்தார்.

அதற்கப்புறம் ஆண்வாடையே ஆகாது என்று ஆகிவிட்டது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்களே, அதுதான்.

அப்படி இருந்தவளிடம் கன்னோ இசாமு மூன்று வருடம் மல்லுக்கு நின்றார். மல்லுக்கு என்று பேச்சுக்குச் சொல்கிறேன், அந்த மனுஷன் வாயைத் திறந்தால்தானே. பிள்ளைகளின் பால் பாட்டில்களைக் காலை ஏழு பத்துக்குச் சமையல் கூடத்தின் பின்வாசலில் இறக்குவார். ஐம்பத்திரண்டு வயது, கல்யாணமே ஆகாதவர், அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதில் காலம் போய்விட்டது. எங்கள் ஊரில் பனி மேலிருந்து விழாது, கடல் பக்கமிருந்து குறுக்கே அடிக்கும். அதில் புதைந்து கிடக்கும் சுமியேவின் சைக்கிளைச் சுற்றி யாரோ தினமும் பனியை வழித்து வைத்தார்கள். யார் என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் ஆயிற்று.

இரண்டு தடவை கேட்டார், இரண்டு தடவையும் முடியாது என்றாள். "கண்ணு முன்னாடி நல்ல மனுஷன் நிக்கிறான், நீ அவனோட நிழலைப் பாத்து அலறுற" என்று தொமொயோ திட்டினாள். போன வருடம் அக்டோபரில் மூன்றாம் தடவை, காலிப் பாட்டில் கூடைகளை ஏற்றிக்கொண்டே, "நான் அவசரப்படுத்தல. செத்துப்போறதுக்குள்ள சொன்னாப் போதும்" என்றார் கன்னோ. சுமியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, "சரி" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இரண்டு நாள் காலில் எடையே இல்லாமல் நடந்தாள்.

மூன்றாம் நாள் அவர் வண்டியில் வீட்டுக்கு வந்தாள். சன்னல் பனிபூத்திருந்தது. துடைக்கத் துணி தேடி முன்பக்கப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே எழுதாத கல்யாணப் படிவம் ஒன்று. அதற்கடியில் பால் ரசீதுகள். ரசீதுகளின் பின்பக்கம் முழுக்கக் கல்யாணத்துக்கு அப்புறம் அவளுக்கு வரப்போகும் பெயர். கன்னோ சுமியே, கன்னோ சுமியே என்று பத்து முறை, இருபது முறை, ஒவ்வொன்றும் முன்னதைவிடக் கொஞ்சம் ஒழுங்காக, ஓர் ஆண்பிள்ளைக் கையெழுத்தில்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வேறொருத்தியாயிருந்தால் உருகியிருப்பாள். சுமியேவுக்குக் கட்சுஹிகோதான் ஞாபகம் வந்தான். இதேபோல்தானே அவனும் எங்கேயோ உட்கார்ந்து என் பெயரை எழுதிப் பழகியிருப்பான் என்று நினைத்தாள். என்ன இது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், வரும் பதிலை நம்ப வேண்டியிருக்கும். பெட்டியை மூடிவிட்டு, "துணி இல்ல போலிருக்கு" என்றாள்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டு நகராட்சிக்குப் போனாள். தடை மனுவில் எதிராளியின் பெயர் கட்டாயமில்லை, விட்டும் விடலாம். சுமியே யோசித்தாள். பிறகு தன் பெயரைப்போலவே திருத்தமாக எழுதினாள்: கன்னோ இசாமு. வெளியே வரும்போது அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. பதினெட்டு வருடம் தாமதமாகப் பூட்டைப் போட்டுவிட்ட நிம்மதி. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

தூங்கி எழுந்தவளுக்குத்தான் உறுத்தல். ஆனால் அவளிடம் ஒரு சமாதானம் இருந்தது. அவள் நேரில் போய் நின்றால் தடை மனு தடுக்காது, அவளுக்குத் தெரியாமல் கொடுத்தால்தான் தடுக்கும். பதிகிற அன்று இருவரும் சேர்ந்து போவோம், காரியம் முடியும், யாருக்கும் தெரியப் போவதில்லை. அதற்குள் அவர் எப்படிப்பட்டவர் என்றும் பார்த்துவிடலாம். இப்படிச் சொல்லிக்கொண்டே மனுவைத் திரும்ப வாங்கப் போகாமல் ஒரு மாதம் கடத்தினாள்.

நவம்பர் இருபத்திரண்டில் பதிவது என்று நாள் குறித்தது தொமொயோ. அந்தத் தேதி தம்பதிகளுக்கு நல்லது என்று ஊரெல்லாம் போய் வரிசையில் நிற்கும். படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள், தொமொயோவும் கன்னோவின் தம்பியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அன்று காலை சமையல் கூடத்தில் இரண்டு பேர் வரவில்லை. அவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு வாந்திபேதி. அப்படியானால் வேலைக்கு வரக்கூடாது என்பது விதி. இருப்பவர்கள் ஆறு மணிவரை நின்று எல்லாவற்றையும் மருந்து போட்டுத் துடைக்க வேண்டும் என்றார் மேலாளர்.

பின்வாசலில் பால் இறக்க வந்த கன்னோ, "அதனால என்ன? எனக்கு மத்தியானமே முடிஞ்சிரும். ஒருத்தர் குடுத்தாப் போதும்னு போட்டிருக்கே. நான் குடுத்துட்டு வர்றேன்" என்றார்.

"வேணாம், நாளன்னிக்குச் சேந்து போலாம்."

"நாளன்னிக்கு இருபத்தி நாலு ஆயிருமே?"

"தேதியில என்னங்க இருக்கு?"

உள்ளேயிருந்து தொமொயோ கத்தினாள், "குடுத்துட்டு வரட்டும்டி! அம்பது வருஷம் கழிச்சு ஒருத்தன் மாப்பிள்ளை ஆகப்போறான், அதுக்கும் காவல் நிக்கணுமா?"

இதற்குமேல் மறுக்க ஒரு காரணம் வேண்டும். உண்மையான காரணம் ஒன்றுதான் இருந்தது. பத்துப் பேர் நடுவில் அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. "சரி" என்றாள்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பின்வாசலில் கன்னோ நின்றுகொண்டிருந்தார். பனியும் மழையுமாக அடித்துக்கொண்டிருந்தது. படிவம் வைத்த பிளாஸ்டிக் உறையைக் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்திருந்தார்.

"வாங்கிக்கல சுமியேசான். உங்க பேர்ல ஏதோ தடை மனு இருக்காம். நீங்க நேர்ல வந்தாதான் ஆகுமாம். அதுக்கு மேல எதுவும் சொல்ல மாட்டேன்னுட்டாங்க."

 சுமியே அவர் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. குழப்பம்தான் இருந்தது, அதையும் அவரே தீர்த்துக்கொண்டார். "வண்டியில உக்காந்து யோசிச்சேன். பழைய மனுவா இருக்கும் இல்ல? உங்க மொதப் புருஷன் அந்தக் குமாகை பண்ணின வேலைக்கு அப்புறம் பயந்துபோய்ப் போட்டிருப்பீங்க. மறந்தும் போயிருப்பீங்க. அதானே?"

வழியையும் காட்டி, கதவையும் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார் அந்த மனுஷன். ஒரே அடி எடுத்து வைத்தால் போதும்.

"ஆமா," என்றாள் சுமியே, "அதான்."

"நான்கூட என்னவோன்னு பயந்துட்டேன்" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

மறுநாள் அரசாங்க விடுமுறை, நகராட்சி கிடையாது. அவளுக்குக் கிடைத்த ஒரு முழு நாள். கன்னோ பத்து மணிக்கே சேப்பங்கிழங்கும் பன்றிக்கறியும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். இருவரும் சேர்ந்து தோல் சீவினார்கள். சோயா விழுதான மிசோ போட்டுக் குழம்பு கொதிக்கையில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். "கன்னோசான்" என்று கூப்பிட்டும்விட்டாள். அவர் நிமிர்ந்து, "இனிமே நீங்களும் கன்னோசான்தானே? இசாமுன்னு கூப்பிடப் பழகணும்" என்றார். அவளால் முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது இன்னொரு முறை முயன்றாள், "கறி வெந்திருக்கா?" என்றுதான் வாயில் வந்தது. அவர் வாசலில் செருப்பை மாட்டும்போது மூன்றாம் முறை. "நாளைக்கு நாலு மணிக்கு" என்று அவர் கையசைத்தார், இவளும் அசைத்தாள். நாளைக்குப் போய் நின்றால் பழையபடி தடை தடுக்காது, முடிந்துவிடும், இந்த ஒரு நாளைத் தாண்டினால் போதும் என்றே மனம் அடித்துக்கொண்டது.

இருபத்தி நாலாம் தேதி கவுன்ட்டரில் இருந்தவர் முப்பது வயதுக்காரர், மரியாதைக்காரர், ஒழுங்கானவர். அவர்மேல் ஒரு பிழையும் சொல்ல முடியாது. இருவருடைய அடையாள அட்டைகளையும் பார்த்தார். "மனுவையும் இப்பவே திரும்ப வாங்கிக்கிறீங்களா? நல்லதுங்க, அப்புறம் தொந்தரவு இருக்காது" என்று உள்ளே போய் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து, இருவருக்கும் தெரிகிற மாதிரி கவுன்ட்டரில் வைத்து, விதிப்படி உரக்கப் படித்தார்.

"இந்த வருஷம் அக்டோபர் பதினெட்டாம் தேதி குடுத்தது. எதிராளி, கன்னோ இசாமு அவர்கள். இதைத்தானே திரும்ப வாங்குறீங்க?"

"ஆமாங்க" என்றாள்.

கன்னோ அந்தக் காகிதத்தைக் குனிந்து பார்த்தார். "என் பேரை ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க" என்றார். கிண்டலாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் நிஜமாகவே சொன்னார்.

சுமியே திரும்ப வாங்குவதற்கான தாளில் கையெழுத்துப் போட்டாள். கல்யாணப் படிவத்துக்காக அலுவலர் கையை நீட்டினார். கன்னோ உறையைக் கொடுக்கவில்லை. "இன்னிக்கு வேணாம், மன்னிச்சுக்குங்க" என்று அவரிடம் குனிந்து சொல்லிவிட்டுப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். சுமியே பக்கத்தில் உட்கார்ந்து வண்டியில் பார்த்த ரசீதுகளைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டினாள்.

"புத்தாண்டு அட்டையில ரெண்டு பேர் பேரும் சேத்து எழுதணும்ல. என் எழுத்து கோழி கிளறினாப்ல இருக்கும். அதான் பழகினேன்" என்றார்.

"நான் கேட்டிருக்கணும்."

"அது பரவாயில்ல. மனு போட்டதும் பரவாயில்ல, என் பேரைப் போட்டதுகூடப் பரவாயில்ல. பட்ட அடி அப்படி. அதெல்லாம் தெரிஞ்சுதானே நான் வந்தேன்." கையிலிருந்த உறையின் மடிப்பை நிமிர்த்திக்கொண்டே இருந்தார். "ஆனா முந்தாநாள் நான் கேட்டேன், நீங்க ஆமான்னீங்க. நேத்து நாள் பூரா எதிர உக்காந்து சிரிச்சுச் சாப்பிட்டீங்க. எனக்கு ஒரு துளி சந்தேகம் வரல சுமியேசான். அதுதான் இப்ப பயமா இருக்கு. இனிமே நீங்க ஆமான்னு சொன்னா நான் என்ன பண்ணணும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது என்பது இந்த ஊரில் அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஓகுராவும் இப்படித்தான் எதிரே உட்கார்ந்து, சிரித்து, கறி வெந்திருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார். நேற்று அந்த ஓகுராவின் இடத்தில் உட்கார்ந்திருந்தது தானே என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக வந்தது.

"கொஞ்ச நாள் போகட்டும்" என்றார் கன்னோ. வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார், அவள் பஸ்ஸில் போகிறேன் என்றாள். அவர் வற்புறுத்தவில்லை.

மறுநாள் காலை ஏழு பத்துக்கு வண்டி வந்தது. பால் கூடைகளை இறக்கிவிட்டு எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் வைத்தார். அவள் பக்கம் திரும்பினார், ஏதோ கேட்க வருவதுபோல் இருந்தது, கேட்காமல் வண்டியில் ஏறிப் போய்விட்டார். தொமொயோவுக்கு அதற்குள் விஷயம் தெரிந்திருந்தது. முதல் தடவையாக அவளுக்குச் சொல்ல ஒரு வசவும் கிடைக்கவில்லை. "கையைக் கழுவிட்டு வா, சாதம் ஏத்தணும்" என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது தபால் பெட்டியில் நகராட்சியின் நீல உறை கிடந்தது. கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே பிரித்தாள். விதிப்படி, தவறாமல், இருபத்திரண்டாம் தேதியிட்டு எழுதியிருந்தார்கள். கன்னோ இசாமு என்பவர் தங்களுடனான திருமணப் பதிவுக்கு அளித்த படிவம், தாங்கள் முன்னதாகக் கேட்டுக்கொண்டபடியே ஏற்க மறுக்கப்பட்டது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

கட்சுஹிகோவின் காலத்தில் இப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பாள். எத்தனையோ வருடம், வராத அந்தக் கடிதத்தை மனதுக்குள் தானே எழுதி எழுதிப் படித்தவள் அவள். இன்றைக்கு வந்திருக்கிறது, ஆள் மாறி. சுமியே செருப்புக் கழற்றும் இடத்திலேயே உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்றுகூடப் பாராமல், அழுதாள்.